ஏரிக்கரை மூங்கிலை எடுக்கணுமா?



நம்ம ஊர் ஏரிக்கரை மூங்கில் புதரை ஜே.சி.பி. வைத்து வேரோடு எடுத்துவிடலாம் என்று பெரியவங்க பேசிக்கிறாங்க. முள் குத்துது, பாம்பு அடையுது, குப்பை சேருது என்று மூன்று காரணம் சொல்றாங்க. மூன்றும் உண்மைதான். ஆனாலும் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

அது ஏன் இப்படி அடைந்து கிடக்கிறது? யாரும் வெட்டாததால்தான்! மூங்கிலுக்கு மண்ணுக்குள் கிழங்கு மாதிரி ஒரு தண்டு இருக்கு. மழைக் காலத்தில் அதிலிருந்து குருத்து வரும். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரமும் வளர்ந்துவிடும். அதுக்கப்புறம் உயராது, பருக்காது. கெட்டிப்படும், அவ்வளவுதான். புதுக் குருத்து வெளிப்பக்கம் வருவதால் பழைய கழிகள் நடுவில் மாட்டிக்கொண்டு, காய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாம்புக்கு அதுதான் வீடு.

இதற்கு வழி இருக்கு. ஒரு பக்கம் திறந்து, குதிரை லாடம் மாதிரி உள்ளே போய், மூன்று வருஷம் தாண்டிய கழிகளை மட்டும் தரையை ஒட்டி ஒரு கணுவுக்கு மேலே வெட்டணும். இளசைத் தொடக் கூடாது. குருத்து வருகிற மழைக் காலத்தில் கத்தியே வைக்கக் கூடாது. கீழே இருக்கிற முள் கிளையைக் கழித்துவிட்டால் நடக்கிறவங்க காலில் குத்தாது. வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

வெட்டின கழி யாருக்கு? பள்ளிக்குப் பின்னாடி தெருவில் கூடை, முறம் பின்னுகிற மூன்று வீடு இருக்கு. அவங்க வெளியூரில் காசு கொடுத்துக் கழி வாங்கி, வண்டி வாடகையும் கொடுக்கிறாங்க. இங்கே கரையில் கழி சும்மா காயுது! பிளாஸ்டிக் முறம் மலிவாச்சே என்று கேட்பீங்க. அதில் அரிசி புடைச்சுப் பாருங்க, வழுக்கிக்கிட்டுப் போகும்.

மூங்கிலை வெட்டினால் கேஸ் போடுவாங்க என்று சிலருக்குப் பயம். 1927 வனச் சட்டத்தில் மூங்கிலும் மரம் என்று இருந்தது. 2017-ல் அதைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாங்க. வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் அப்பவே பிரித்திருக்கிறது என்று தமிழய்யா சொன்னார். சட்டம் ரொம்ப லேட்!

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பாங்க எங்க ஆயா. மிசோரத்தில் 1959-ல் அப்படி நடந்தது. அது வேற ஜாதி மூங்கில், மலை மலையாக ஒரே நேரத்தில் பூத்து, விதையைத் தின்ற எலி பெருகி, வயலையும் அழித்தது. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு புதர். நம்ம முள் மூங்கில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஒரே தடவை பூத்து, விதை விட்டுக் காய்ந்துபோகும். அந்த விதைதான் மூங்கிலரிசி.

எனக்குப் பெரிய கவலை கரைதான். அந்த வேர்ப் பின்னல்தான் மண்ணைப் பிடித்திருக்கு. ஜே.சி.பி. தோண்டினால் கிழங்கோடு கரையும் பெயர்ந்து வரும். மழைக்கு முன்னாடி அந்தக் குழியை யார் அடைப்பாங்க?

அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்கணும். வருஷம் ஒரு தடவை வெட்டிக்கொள்ள அந்த மூன்று வீட்டுக்கும் அனுமதி கொடுத்துத் தீர்மானம் போடணும். நமக்கு ஓட்டு இல்லை. அதனால் உங்க அம்மா அப்பாவிடம் இப்பவே சொல்லி வையுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு