காவல்காரனுக்குமா நஞ்சு?

நெல்லைக் காப்பவன் யார்? உழவன் என்பாய், தோழா! உண்மை. ஆனால் உழவன் கைக்கு எட்டாத இடத்திலே, சுருண்ட இலைக்குள்ளேயே புகுந்து காவல் புரியும் கூட்டமொன்று உண்டு. தரை வண்டு! அதிலே ஓபியோனியா என்பது செந்நிற மேனியிலே கருநீலப் பட்டை பூண்டது. இலைச்சுருட்டுப் புழுவை நாளொன்றுக்கு 3 முதல் 5 வரை தின்று தீர்க்கும். கூலி கேட்டதில்லை, கொடி பிடித்ததுமில்லை!

உலகிலே இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 40,000 இனங்கள். அவற்றிலே நம் மண்ணுக்குரியவற்றை எண்ணிப் பெயரிட்டவர் யார்? மயிலாடுதுறையிலே பஸ் ஏறித் தரங்கம்பாடிக்குப் போ. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கோலோச்சிய கடற்கரை அது. அங்கே தால்டார்ஃப் என்றொரு படை அதிகாரி இருந்தார். 1791-இல், பனைமரத்திலே மீன் ஏறக் கண்டேன் என்று எழுதியவர் அவர்தான். நம் மீனவன் என்றைக்கோ பனையேறிக் கெண்டை என்று பெயர் வைத்துவிட்டான், அது போகட்டும்! அந்தத் தால்டார்ஃப் நம் வயலிலும் வரப்பிலும் பொறுக்கிய வண்டுகள் கப்பலேறின. கீல் நகரப் பேராசிரியர் பாப்ரீசியஸ் அவற்றுக்கு இலத்தீனிலே பெயர் சூட்டினார். அவர் சேகரிப்பு இன்று கோபன்ஹேகன் காட்சிசாலையிலே!

அவர்களைத் திட்டவா இதைச் சொல்கிறேன்? இல்லை. தேடினார்கள், பெயரிட்டார்கள், காத்தும் வைத்தார்கள். பின்னர் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியத் தரை வண்டுகளைப் பற்றி 1929-இலும் 1935-இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். மூன்றாவது வரவேயில்லை. தமிழிலே படத்தோடு ஒரு சிறு நூலாவது உன் ஊர்ப் படிப்பகத்திலே உண்டா? கேட்டுப் பார்!

ஓபியோனியா ஆசியாவின் நெல்வயல்கள் பலவற்றிலும் உண்டு. இங்கே அழிந்தாலும் வேறெங்கோ பிழைத்திருக்கும். மலை வண்டின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாக ஒரே சோலையில் வாழ்ந்து, பறக்கும் இறக்கையையே இழந்துவிட்ட இனங்கள் பல. பாலக்காட்டுக் கணவாயை அவை எப்படித் தாண்டும்? ஆகவே நீலகிரிக்கென்று சில, ஆனைமலைக்கென்று சில; உலகில் வேறெங்கும் கிடையா. சோலையை வெட்டித் தேயிலை நட்டபோது எத்தனை இனம் பெயர்கூடப் பெறாமல் மாண்டதோ, எவர் கணக்கு வைத்தார்?

வயலுக்கே வருவோம். புழுவுக்கென்று தெளிக்கும் மருந்து, புழுவைத் தின்னும் வண்டையும் சேர்த்தே கொல்கிறது. காவல் ஒழிந்த வயலிலே புகையான் பெருகுகிறது. மறுபடி மருந்து! கடைக்காரனுக்கு வியாபாரம், உழவனுக்குக் கடன், முதுகிலே தெளிப்பானைச் சுமக்கும் கூலித் தோழனுக்கோ மூச்சிலே நஞ்சு. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1986-இல் 57 பூச்சிமருந்துகளை நெல் வயலிலிருந்து ஒரே ஆணையால் விரட்டியது. விளைச்சல் விழுந்ததா? இல்லை!

2020-இல் பிறந்தது மயிலாடுதுறை மாவட்டம். தரங்கம்பாடி இன்று அதற்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து போன வண்டுகளின் படங்களைக் கோபன்ஹேகனிடம் கேட்டு வாங்குவதற்குக் கப்பலா வேண்டும்? ஒரு கடிதம் போதும். அவற்றைத் தமிழ்ப் பெயரோடு அச்சிட்டு, குறுவை நடவுக்கு முன்பே ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்பட்டும் வேளாண்மைத் துறை. மருந்துக் கடை வாசலிலும் ஒன்றை ஒட்டச் சொல்வோம்.