காதும் காலும் யாருடைய மிச்சம்?

ஃபெய்ஜோவாடா சமைக்க இரண்டு நாள் வேண்டும். சனிக்கிழமை இரவே அரைக் கிலோ ராஜ்மாவை ஊறவைத்துவிடுவேன். பன்றியின் ஒரு காது, ஒரு கால், கொஞ்சம் கொழுப்போடு கூடிய வயிற்றுக்கறி ஆகியவற்றில் கல்லுப்பைத் தேய்த்துத் தனியாக வைப்பேன். காலையில் உப்பைக் கழுவிவிட்டு, வெங்காயமும் பிரிஞ்சி இலையும் போட்டுக் கறியை வேகவைக்க வேண்டும். காது மெத்தென்று ஆக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பருப்பு தனியே வேகும். பிறகு ஆலிவ் எண்ணெயில் பூண்டு, வெங்காயம், தக்காளியை வதக்கி, புகை போட்ட சாசேஜ், கேரட், வெந்த கறி, பருப்பு, அது வெந்த தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து, கடைசியில் முட்டைக்கோஸ் போட்டு அரை மணி நேரம் சிறுதீயில் விட்டால் முடிந்தது. தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம், வெள்ளைச் சோறு போதும்.

இது போர்ச்சுகலின் வடகிழக்கு மூலையில் இருக்கும் த்ராஸ்-உஸ்-மோன்டிஸ் பகுதியின் முறை. வடமேற்கே மின்ஹோவில் வெள்ளை பீன்ஸ் போடுவார்கள். பிரேசிலில் கறுப்பு பீன்ஸ். போர்ச்சுகல் 1961 வரை ஆண்ட கோவாவிலும் கத்தோலிக்கர் வீடுகளில் இது உண்டு. அங்கே காரமும் புளிப்புமான சோரிஸ் சாசேஜ்தான் சுவையைத் தீர்மானிக்கும்.

இதைப் பரிமாறும்போதெல்லாம் ஒரு கதையையும் சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். பிரேசிலின் ஆண்டைகள் நல்ல கறியைத் தின்றுவிட்டுக் காது, வால், காலைத் தூக்கி எறிந்தார்கள். கறுப்பின அடிமைகள் அதைப் பொறுக்கி, பீன்ஸோடு கொதிக்கவைத்து, ஒரு நாட்டுக்கே தேசிய உணவைத் தந்தார்கள் என்கிற கதை. கேட்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். நானும் நெகிழ்ந்துதான் சொல்வேன்.

தோழர்களே, அந்தக் கதை பொய். நம் பக்கத்துக்கு ஆதரவானது போலத் தோன்றும் பொய் என்பதால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

காதும் காலும் போர்ச்சுகலில் ஒருபோதும் குப்பையாக இருந்ததில்லை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுப் பன்றியை அறுப்பது ஒரு பெருநாள். ரத்தம் முதல் குளம்பு வரை உப்பிட்டோ புகை போட்டோ வருடம் முழுக்கச் சேமிப்பார்கள். குடியானவனும் தின்றான், பண்ணைக்காரனும் தின்றான். பிரேசிலுக்குக் குடியேறிய ஆண்டைகள் இந்த நாக்கையும் கூடவே கொண்டுபோனார்கள். 1800களின் முற்பாதியிலேயே ரெசிஃபே நகரத்து ஓட்டல்கள் ஃபெய்ஜோவாடா கிடைக்கும் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தன. காசுள்ளவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பண்டம் அது. உணவு வரலாற்றை எழுதிய லூயிஸ் ட கமாரா கஸ்குடுவும் 1960களிலேயே இதன் வேர் ஐரோப்பியச் சமையலில் இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

அடிமைகளின் தட்டில் உண்மையில் இருந்தது என்ன? மரவள்ளி மாவு, கொஞ்சம் பீன்ஸ், எப்போதாவது ஒரு துண்டு உப்புக்கண்டம். பன்றியின் காது அவர்களுக்கு எட்டாக்கனி. ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 48 லட்சம் பேரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய நாடு அது. அவர்களைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய வரலாற்றை, 'மிச்சத்தையாவது கொடுத்தார்கள்' என்கிற சித்திரமாக இந்தக் கதை மாற்றிவிடுகிறது. எறிந்த கை ஏதோ வள்ளல் கை போல ஆகிவிடுகிறது.

கதை பரவியதில் ஆச்சரியமில்லை. எல்லா இனங்களும் இணக்கமாகக் கலந்து உருவான நாடு என்று பிரேசில் 20ஆம் நூற்றாண்டில் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, ஒரே சட்டியில் கொதிக்கும் கறுப்பு பீன்ஸும் வெள்ளைச் சோறும் வசதியான உவமை. 1888இல் அடிமை முறையை ஒழித்தபோது, விடுதலையானவர்களுக்கு ஒரு துண்டு நிலமோ இழப்பீடோ தரவில்லை என்பதைப் பேசாமலிருக்க அந்தச் சட்டி உதவியது.

அப்படியானால் கறுப்பின மக்களுக்கு இந்த உணவில் பங்கே இல்லையா? நிச்சயம் உண்டு. பெரிய வீடுகளின் அடுப்பங்கரையில் நின்றவர்கள் அடிமைப் பெண்கள். பிரேசிலிய ஃபெய்ஜோவாடாவின் பக்குவம் அவர்களுடைய கைப்பக்குவம். அவர்கள் தந்தது தேர்ந்த திறமை. மிச்சத்தைப் பொறுக்கியவர்கள் என்று சொல்லும்போது அந்தச் சமையல்காரிகளைத்தான் நாம் காணாமல் ஆக்குகிறோம்.

இதே பன்றிக்கறிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1496இல் போர்ச்சுகல் அரசன் மானுவேல் யூதர்களை வெளியேறச் சொன்னான். அடுத்த ஆண்டே அவர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினான். 1536இல் வந்த மத விசாரணை மன்றம் 1821 வரை நீடித்தது. பன்றிக்கறியைத் தவிர்ப்பதே ஒருவர் ரகசிய யூதர் என்பதற்கு அடையாளமாகக் கருதப்பட்டது. அதே த்ராஸ்-உஸ்-மோன்டிஸில் கோழிக்கறியும் ரொட்டியும் அடைத்துச் செய்யும் அல்யெய்ரா என்கிற சாசேஜ் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் கண்ணுக்குப் பன்றி சாசேஜ் போலத் தெரிய, யூத வழிவந்தவர்கள் அதைச் செய்து புகையில் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். 'தின்று காட்டு' என்று மிரட்டிய அதிகாரமும் 'தின்னாதே' என்று மிரட்டும் அதிகாரமும் வேறு வேறல்ல. இரண்டும் அடுத்தவன் சட்டியை முகர்ந்து பார்த்து மனிதர்களைத் தரம் பிரிப்பவை.

இங்கே வாடகை வீடு தேடிய எவருக்கும் அந்த மூக்கைத் தெரியும். அதை எதிர்க்கும் அவசரத்தில் நாமும் ஒரு தவறு செய்கிறோம். குடல், ரத்தம், தலைக்கறி பற்றி எழுதும்போது 'அவர்கள் வேண்டாமென்று எறிந்ததை நாம் ருசியாக்கினோம்' என்று பெருமையாக எழுதிவிடுகிறோம். வறுமையும் கட்டாயமும் இருந்த இடத்தை அப்படியே சொல்ல வேண்டும். செத்த மாட்டை உண்ணும்படி சாதி தள்ளியது. அதைக் கைவிடும்படி 1927இல் மகாட்டில் அம்பேத்கர் அழைத்தார். அது கொடுமையின் வரலாறு. ஆனால் விரும்பி வாங்கி, பக்குவம் தெரிந்து, தலைமுறையாகச் சமைத்து வந்த உணவு யாருடைய எச்சமும் அல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்தால் கொடுமையும் மறைகிறது, திறமையும் மறைகிறது. மிஞ்சுவது ஆண்டையின் பெருந்தன்மை மட்டும்தான்.

இப்போதும் ஃபெய்ஜோவாடா சமைக்கிறேன். மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் இன்னும் ருசி. பரிமாறும்போது கதையும் சொல்கிறேன், அதில் யாரும் யாருக்கும் எதையும் எறிவதில்லை. காதும் காலும் கறிக்கடையில் காசு கொடுத்து நான் கேட்டு வாங்கியவை.