முதலில் ஸ்கோப், பிறகுதான் துவக்கு

பிள்ளைக்கு 12, 13 வயது வந்தவுடன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நான் ஷூட்டிங் கிளப்பில சேரட்டோ?" என்று கேட்கும். கூடப் படிக்கிற பிள்ளை சேர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒலிம்பிக்கில் பார்த்திருக்கும். கனடாவில் பலருக்கு இது ஹொக்கி, நீச்சல் மாதிரி இன்னொரு விளையாட்டு. எங்கட வீடுகளில் அப்படி இல்லை.

என்ர மகள் கேட்டபோது முதலில் வாய் திறந்தது என்ர அம்மா. "துவக்குச் சத்தம் கேட்டு உன்ர அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள். இப்ப நீ காசு கட்டிப் பழக்கப் போறியோ?" என்றா. நான் வாதாடவில்லை. அவ பட்ட பயம் புத்தகத்தில் வாசித்த பயம் இல்லை. அதே நேரம் பேத்தி கேட்பது சண்டையும் இல்லை. 50 யார்ட் தூரத்தில் ஒரு கடதாசியில் ஓட்டை போடுகிற விளையாட்டு. இரண்டு பேரையும் மதித்து முடிவெடுக்க வேணும் என்றால், பிள்ளை இதற்குத் தயாரா என்று பார்க்க ஒரு வழி வேணும்.

அதற்கு நல்ல வழி ஸ்கோப்தான். சுடுவதற்கு முதல், ஸ்கோப்பைப் பூட்டிச் சரிசெய்கிற வேலையைப் பிள்ளையிடம் குடுத்துப் பாருங்கோ. மெதுவான, அலுப்பான வேலை. பொறுமை இருக்கா, சொன்னதைச் சொன்னபடி செய்யுதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

சட்டம் முதலில். கனடாவில் 12 முதல் 17 வயது வரை மைனர் லைசன்ஸ் எடுக்கலாம். அதற்குப் பாதுகாப்பு வகுப்பும், பெற்றோரின் சம்மதமும் வேணும். அதை வைத்துத் துவக்கு வாங்க ஏலாது, இரவல் எடுத்துச் சுடலாம். வேறு நாட்டில் இருக்கிறவர்கள் உங்கட சட்டத்தை முதலில் பாருங்கோ.

முதல் படிக்குத் துவக்கே தேவையில்லை. ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்து, வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கோ. உள்ளே தெரிகிற குறுக்குக் கோடு கறுப்பாக, கூர்மையாகத் தெரிய வேணும். மங்கலாக இருந்தால் கண் வைக்கிற பக்கத்து வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு செக்கன் மட்டும் பார்த்து, கண்ணை எடுக்க வேணும். நெடுகப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானே சரிசெய்து எங்களை ஏமாற்றிப்போடும். ஸ்கோப்பைச் சூரியன் பக்கம் ஒருநாளும் திருப்பக்கூடாது, கண் போய்விடும்.

அடுத்தது பூட்டுவது. இது கிளப்பில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க. ரவை இல்லை, மகசின் இல்லை, போல்ட் கழற்றி மேசையில். மூன்றையும் பிள்ளை தானே பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேணும். ஸ்கோப் குழாயின் விட்டம் 1 அங்குலமா, 30 மில்லிமீற்றரா என்று பார்த்துத்தான் ரிங் வாங்க வேணும். ரிங்கைத் தளர்வாகப் போட்டு, உருப்பெருக்கத்தைக் கூடிய எண்ணில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைக்கச் சொல்லுங்கோ. கண்ணைத் திறந்தவுடன் ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேணும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுங்கோ. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் பொதுவாக 3 முதல் 4 அங்குலம் இடைவெளி வரும். அப்பாவுக்குச் சரியான இடம் மகளுக்குச் சரிவராது. பிள்ளை வளர வளர இதைத் திரும்பப் பார்க்கவும் வேணும்.

பிறகு தூரத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைபிள் சரியாமல் நிற்கும்போது நிலைக்கோடு அந்த நூலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கோ. ஒத்துப்போனால் ஆணிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேணும். ரிங் மூடிக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட் சொல்லுவார்கள். உங்கட ரிங் பெட்டிக்குள் இருக்கிற தாளில் உள்ள எண்தான் கடைசிச் சொல். பலம் காட்டி இறுக்கினால் குழாய் நசியும். அளவு காட்டுகிற டோர்க் ஸ்குரூட்ரைவர் ஒன்று வாங்குங்கோ.

இனி ரேஞ்ச். முதலில் 25 யார்ட், பிறகு 50. இங்கேதான் என்ர மென்பொருள் வேலையின் புத்தி உதவுது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஒரே வகை ரவை, ஒரே தாங்கி, ஒரே ஆள். ஒரு ஓட்டையைப் பார்த்துக் குமிழைத் திருகக்கூடாது. ஐந்து சுட்டு, அந்த ஐந்தின் நடுவைப் பிடிக்க வேணும்.

கணக்கு சின்னது. அநேக ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்றால் 100 யார்ட்டில் கால் அங்குலம், 50 யார்ட்டில் அதில் பாதி. 50 யார்ட்டில் நடு ஒரு அங்குலம் கீழே, அரை அங்குலம் வலது என்றால், 8 கிளிக் மேலே, 4 கிளிக் இடது. குமிழில் உள்ள அம்பு, ஓட்டை நகர வேண்டிய பக்கத்தைக் காட்டும். திகதி, தூரம், ரவையின் பெயர், எத்தனை கிளிக் எல்லாம் ஒரு கொப்பியில் எழுத வேணும். ஒரு சூடு தவறினவுடன் முகம் சுருங்குகிற பிள்ளைக்கு இந்த ஐந்தின் கணக்கு நல்ல மருந்து. ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது என்று கடதாசியே காட்டிப்போடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விதி ஒன்று. ரைபிளில் பூட்டின ஸ்கோப்பால் எதையும் "என்னெண்டு பார்ப்பம்" என்று பார்க்கக்கூடாது. ஸ்கோப் பார்க்கிற இடத்தைத்தான் குழலும் பார்க்குது. மரத்தில் அணிலா, தூரத்தில் ஆளா? அதற்கு பைனாகுலர் இருக்கு. இந்த விதியை ஒருதரம் மறந்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போவதுதான், பேச்சுக்கு இடமில்லை.

பராமரிப்பில் பாதி, கையை வைக்காமல் இருப்பது. கண்ணாடியில் தூசி இருந்தால் முதலில் காற்று ஊதி, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் துணி. ரீசேர்ட் நுனியால் துடைத்தால் மண் துணிக்கை கண்ணாடியைக் கீறும். விபூதி பூசின விரலும் வேண்டாம். சுத்தம் செய்கிற திரவத்தைத் துணியில் விடுங்கோ, கண்ணாடியில் இல்லை. மாரியில் வெளிக்குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால், பெட்டியைத் திறக்காமல் சில மணித்தியாலம் விடுங்கோ. உடனே திறந்தால் ஈரம் படியும். உள்ளே புகார் பிடிக்காமல் இருக்க நல்ல ஸ்கோப்பில் நைதரசன் அடைத்திருப்பார்கள். அதனால் பிரித்துப் பார்க்கிற ஆசை யாருக்கும் வரக்கூடாது.

கடைசியாக, ஸ்கோப் எங்கேயாவது இடிபட்டால் வெளியில் ஒரு கீறலும் இல்லாமலே குறி மாறியிருக்கலாம். திரும்ப ஐந்து சுட்டுப் பார்க்கும்வரை அதை நம்ப ஏலாது. அது இடிபட்டது தூக்கினவருக்கு மட்டும்தான் தெரியும். "அப்பா, கதவில இடிச்சுப்போட்டன்" என்று தானாக வந்து சொல்லுகிற பிள்ளை ரேஞ்சுக்குத் தயார். ஒளிக்கிற பிள்ளை என்றால், லைசன்ஸ் பாரம் இன்னும் ஒரு வருஷம் லாச்சிக்குள் கிடக்கட்டும்.