விளிம்பும் அலையும்

வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் வட்டத்தைக் கடப்பதைக் காணும் பொருட்டு, 1760ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டிலிருந்து புதுச்சேரி நோக்கிப் புறப்பட்டார் லெ ழான்தி என்னும் வானியல் அறிஞர். 1761இல் அந்நகர் ஆங்கிலேயர் கைப்பட்டமையால் அவர் கரையேற இயலவில்லை. ஆடும் கப்பலிலிருந்து கண்டது அளவைக்கு உதவவில்லை. அடுத்த கடப்பிற்காகக் காத்திருந்து, 1768இல் புதுச்சேரியை அடைந்து, ஆய்வுக்கூடமும் அமைத்துக்கொண்டார். அந்தோ! 1769 சூன் 4ஆம் நாட்காலையில் மேகம் ஞாயிற்றை மூடிற்று. பதினைந்து கோடி கிலோமீட்டர் தடையின்றி வந்த ஒளியை, இறுதியில் நின்ற மெல்லிய காற்றுப்போர்வை மறைத்துவிட்டது.

லெ ழான்தி பிறந்த நாட்டிலேயே, தென்பகுதியில் உள்ள கடராஷ் என்னுமிடத்தில், இன்று ஞாயிற்றின் செயலை நிலத்தில் நிகழ்த்த 'ஈட்டர்' என்னும் பெரும்பொறி உருவாகி வருகிறது. இந்தியாவும் அதில் ஒரு பங்காளி. நீரியத்தின் இனங்களாகிய வளிகளைப் பதினைந்து கோடிப் பாகை அளவிற்குச் சூடாக்கி, அணுக்கருக்களை ஒன்றுசேரச் செய்வதே நோக்கம். அத்துணை வெம்மையில் வளி, மின்னேற்றத் துகள்கள் கலந்த பிளாஸ்மா ஆகிவிடும். அதனை எக்கலமும் தாங்காது; காந்தப்புலமே வேலியாக நின்று காக்கும். வேலிக்குள் இருப்பதைச் சூடாக்கும் வழிகளுள் ஒன்று, சுவரோரத்து அலைவாங்கியிலிருந்து வானொலி அலைகளைச் செலுத்துவதாகும்.

இங்கேதான் லெ ழான்தியின் இடர் மீண்டும் தோன்றுகிறது. சுவருக்கும் நடுவிலுள்ள கனலுக்கும் இடையே சில சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு விளிம்பு உண்டு. அது அமைதியாக இருப்பதன்று. அடர்ந்த பிளாஸ்மாத் திரள்கள் உள்ளிருந்து பிய்ந்து, சுவர் நோக்கி ஓயாது வீசப்படுகின்றன. ஓரிடத்து அடர்த்தி நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும். அயனிகளைச் சூடாக்கும் அலையோ நொடிக்குக் கோடிக்கணக்கில் அதிர்வது. அதன் பார்வையில் இத்திரள்கள் அசையாது நிற்கும் பாறைகளே. புதுச்சேரிக் கடற்கரையின் கற்குவியலில் மோதும் அலை நேரே கரையேறாமல் திசைக்கொன்றாகச் சிதறுவதைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

அடர்த்தி ஓர் அளவிற்குக் குறைந்த இடத்தில் அயனி அலை பரவாது தேயும். அவ்விடம் அகன்றால், ஆற்றலில் ஒரு பகுதி அனுப்பிய கருவிக்கே திரும்பும். எலெக்ட்ரான்களைச் சூடாக்கும் நுண்ணலைக் கற்றைக்கு வேறு வகைத் துன்பம்: விளிம்பைக் கடக்கையில் அது விரிந்து, குறித்த இடத்தில் கூர்மையாக விழாது. நடுவில் தோன்றும் காந்தக் குலைவுகளை அடக்க அக்கூர்மையே வேண்டும்.

ஆற்றலை மிகுத்து அனுப்பினால் போதும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. மிகுத்த ஆற்றல் விளிம்பிலேயே தங்கினால் சுவர் தேயும். தேய்ந்த துகள் உட்புகுந்து கனலைக் குளிர்விக்கும். அலைவாங்கியின் முன்னர்ச் சிறிது வளியைச் செலுத்தி அடர்த்தியைத் திருத்துவது பயன் தருகிறது. ஆயினும் எங்கே, எவ்வளவு என்பதை விளிம்பை அளந்தவரே கூறமுடியும். காந்திநகரில் 1989 முதல் இயங்கிய 'ஆதித்யா' பொறியில் இந்திய அறிஞர் இவ்விளிம்பின் கொந்தளிப்பை நுண்கோல்களால் அளந்தனர். ஈட்டரின் அயனி அலைகளுக்குரிய ஆற்றல் மூலங்களை அளிக்கும் பொறுப்பும் இந்தியாவினதே. மூலத்தைச் செய்து அனுப்புவதோடு நில்லாமல், அவ்வலை கடக்க வேண்டிய வழியை ஆராய்வதற்கும் இளைஞரை ஆயத்தம் செய்தல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொறி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. ஆதலின், கதிரவன் மறைந்தபின் சில இரவுகளில் புதுச்சேரிக்கு மேலே, ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுகின்றன. செயற்கைக்கோள் அலைகள் அவற்றைக் கடக்கையில் விண்மீன் போல் மினுக்குகின்றன. கல்லூரி மாடியில் ஓர் ஏற்பியை நிறுத்தினால், அம்மினுக்கத்தை மாணவர் தாமே அளந்து எழுதலாம்.