கோச்சை மட்டும் திட்டலாமா?



கல்லூரிக் கூடைப்பந்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய அணி சின்ன அணியிடம் தோற்றதிலிருந்து, கொடைக்கானல் நாயுடுபுரம் டீக்கடையில் ஒரே வாக்குவாதம். கோச்சை மாற்று என்கிறது ஒரு கட்சி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்கிறது இன்னொன்று.

2018-இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் முதல் நிலையில் இருந்த வர்ஜீனியா, பதினாறாம் நிலை அணியிடம் 54-74 என மண்ணைக் கவ்வியது. ஆண்கள் போட்டியில் அதற்கு முன் நடக்காத கூத்து. ஆனாலும் பயிற்சியாளர் டோனி பென்னட்டை அனுப்பிவிடவில்லை. மறு ஆண்டே கோப்பை வந்தது. 2023-இல் 7 அடி 4 அங்குல உயர ஸாக் ஈடீ இருந்தும் பர்டியூ இதேபோல் கவிழ்ந்தது. உயரமும் திறமைதானே?

கோச்சும் திறமையும் போக, ஆடுகளம் என்று ஒன்றும் இருக்கிறது. நான் இந்த மலையில் ஆடிய காலத்தில் மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் சிமென்ட் தரை வழுக்கும். ஈரப் பந்து கையில் நிற்காது. பெரிய அணிகளைப் பார்க்க, காட்ரோட்டில் பஸ் மாறிப் பெரியகுளம் அகில இந்தியப் போட்டிக்குப் போவோம். பாதிப் பயிற்சி அந்தக் கேலரியில் உட்கார்ந்து கற்றதுதான். (மீதி, சீனியர்களிடம் வாங்கிய திட்டு.)

மலையில் ஆடும் பிள்ளைகளுக்கு முதல் தேவை கூரை போட்ட ஆடுகளம். கோச்சைப் பற்றி அப்புறம் பேசலாம்.

– ஒரு பழைய ஆட்டக்காரர், கொடைக்கானல்