திருஷ்டியின் மேல் போட்ட பழி

குறுவட்டப் போட்டிக்குக் கிளம்பும் வேனின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நாங்கள் எந்த வருடமும் மறந்ததில்லை. மைதானத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஒழுங்காக வார்ம்-அப் கொடுக்கத்தான் நேரம் இருந்ததில்லை. "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்கடா" என்பதோடு சரி. அப்புறம் ஒரு பெண் துள்ளி இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தால், "நல்லா ஆடுற பொண்ணு, கண்ணு பட்டுடுச்சு" என்றோம்.

பள்ளி மைதானங்களில் விசிலோடு நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களான எங்களைப் பற்றித்தான் சொல்கிறோம். பெற்றோருக்கும் பங்கு உண்டு. அதை அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நன்றாக ஓடுகிற பையன் கிடைத்தால் விட மாட்டோம். காலையில் 100 மீட்டர், 200 மீட்டர், நடுவே நீளம் தாண்டுதல், உச்சி வெயிலில் ரிலே. மறுநாள் அதே பையன் கபடி டீமில். வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தகடு இன்னும் குருத்தெலும்புதான். முட்டிச் சில்லுக்குக் கீழே புடைத்திருக்கிறது, மண்டி போட்டால் உயிர் போகிறது என்று எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள் வந்து காட்டுவார்கள். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயரே உண்டு. ஓட்டத்தையும் தாண்டுதலையும் கொஞ்ச நாள் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். "வளர்ற வலிடா, போ" என்று நாங்கள் அனுப்பிவைத்தோம்.

கணுக்கால் வீங்கினால், எலும்பு விட்டிருக்குமோ என்று யோசிக்காமல் எண்ணெய் தடவி உருவினோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியவனுக்கு எல்லார் முன்னாலும் கைதட்டச் சொன்னோம். மற்ற பிள்ளைகள் வலியை மறைக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி சீட்டு என்ற ஆசை வேறு. அந்த சர்டிபிகேட்டுக்காக ஊசி போட்டாவது ஆடவைத்த கதைகளும் எங்களுக்குள் உலவுகின்றன.

காயங்களைத் தடுக்க வழி தெரியாமல் இருந்ததா? கால்பந்துக்கான ஃபிஃபாவின் '11+' பயிற்சி வந்து எத்தனையோ வருடமாகிறது. 20 நிமிடம்: மெதுவோட்டம், பிளாங்க், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்வது, கடைசியில் கொஞ்சம் வேக ஓட்டம். பந்தைத் தவிர ஒரு சாமானும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களின் கால்பந்து அணிகளில் செய்து பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. முட்டி ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதால், எங்கள் பெண்கள் டீம்களுக்குத்தான் இது முதலில் போயிருக்க வேண்டும்.

இருப்புப் பதிவேடு மட்டும் பக்காவாக வைத்திருக்கிறோம். எத்தனை பந்து கிழிந்தது, வலை எப்போது இற்றுப்போனது, எல்லாம் தணிக்கைக்குக் காட்ட வேண்டுமே. எந்தப் பிள்ளைக்கு, எந்த மாதத்தில், எந்தத் தரையில் அடிபட்டது என்பதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுகூடக் கிடையாது. சிமென்ட் கோர்ட்டில் தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு ஆடியவர்கள் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எங்களைக் கேட்டால், ஞாபகத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

கால்பந்துக்கு எழுதிய பயிற்சி கபடிக்கும் கோ-கோவுக்கும் அப்படியே ஒத்துவருமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஒற்றைக் காலில் நிற்கவும் ஒழுங்காகக் குதித்து இறங்கவும் எந்த ஆட்டக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை நாளைக் காலைப் பயிற்சியிலேயே ஆரம்பிக்கலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.