கியர்பாக்ஸ் போச்சுன்னு யாருங்க சொன்னது?

போன மாசம் சேத்துப்பட்டுக்குப் போயிருந்தேன். எங்க சித்தப்பா முப்பது வருஷம் பட்டுத்தறி நெய்தவர். குழித்தறியில மிதி மிதிச்சு மிதிச்சு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. க்ளட்ச் மிதிக்க முடியாதுன்னுதான் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 'ஆட்டோமேட்டிக்கா, சொகுசு பாருடா'ன்னு பேசறவங்களுக்காக இதைச் சொல்றேன் :-)

அந்தக் கார் ரெண்டு வாரமா வாசல்லயே நின்னுட்டு இருந்தது. சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. ஆனாலும் லீவரை டிரைவுக்குத் தள்ளினா நியூட்ரலே மினுக்கும். பார்த்த மெக்கானிக் ஒரே வரியில முடிச்சிட்டார்: "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும், 45,000 ஆகும்." சித்தி வளையலை அடகு வைக்கிற அளவுக்குப் பேச்சு போயிடுச்சு.

சாயங்காலம் சித்தப்பாவை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு காருக்குப் பின்னாடி போய் நின்னேன். பிரேக் லைட் எரியலை. மறுபடி மிதிச்சார், எரிஞ்சது. மறுபடி, எரியலை. அவ்வளவுதான் விஷயம்! பிரேக் பெடலுக்கு மேல இருக்கிற சின்ன சுவிட்ச் போயிருக்கு. பிரேக்ல கால் இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகணும், கியர் விழணும்ங்கறது பாதுகாப்பு ஏற்பாடு. கால் இருக்கான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அந்த சுவிட்ச்தான். சுவிட்ச் பொய் சொன்னா கியர்பாக்ஸ் என்ன பண்ணும், பாவம்? மொத்தச் செலவு 400 ரூபாய்.

எனக்கு அந்த மெக்கானிக் மேல கோபம் இல்லை. மேனுவல் கியர்பாக்ஸ்னா கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிச்சு மாட்டுவார். ஆனா 'இறக்கணும்'ங்கறது வைத்தியம். நோய் என்னன்னு இன்னும் யாருமே பார்க்கலையே! என் கட்சி இதுதான்: காரணம் சொல்லாம கியர்பாக்ஸை இறக்க விடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, இது எந்த வகை ஆட்டோமேட்டிக்? 2014ல செலேரியோவோட நம்ம ஊர்ல பரவின ஏ.எம்.டி.யில உள்ளே இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். க்ளட்ச்சை மிதிக்கிற வேலையையும் கியர் மாத்தற வேலையையும் ஒரு இயந்திரம் செய்யுது. பேட்டரி வீக்கானாலே அது தடுமாறும். க்ளட்ச் மாத்தினா ஸ்கேனர் போட்டு புது க்ளட்ச்சைப் பழக்கணும். டார்க் கன்வெர்ட்டர் வேற சமாச்சாரம், அதுல முதல்ல பார்க்க வேண்டியது ஆயில். சி.வி.டி.க்கு ஆயிலே வேற, மாத்தி ஊத்தினா கதை முடிஞ்சது.

ரெண்டு, என்னென்ன பார்த்தீங்க? பேட்டரி, ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், ஆயில் அளவு, வயர் கனெக்ஷன்... எல்லாம் கியர்பாக்ஸை இறக்காமலே பார்க்கலாம்.

மூணு, ஸ்கேனர்ல என்ன கோடு வந்தது? பி0700ன்னு வந்தா பலபேர் கியர்பாக்ஸ் அவுட்னு சொல்லிடறாங்க. அதுக்கு அர்த்தம், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு குறை பதிவாகி இருக்கு, அங்கே போய்ப் பாருங்கறது மட்டும்தான். கோடு விலாசம்தான், தீர்ப்பு இல்லை.

நிஜமாவே கியர்பாக்ஸ் போறதும் உண்டு. ஆயில் கறுத்துக் கருகின வாடை அடிச்சா, இரும்புத்தூள் வந்தா, பிரிச்சுத்தான் ஆகணும். ஆனா அதைப் பார்த்துட்டு பிரிக்கலாமே?

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னப்ப அவர் சிரிச்சார். "புட்டா தப்பா விழுந்தா நாங்க முதல்ல ஜக்கார்டு அட்டையைப் பார்ப்போம், அப்புறம் நூலைப் பார்ப்போம். எடுத்த உடனே பாவை அறுத்தா அவன் நெசவாளியாடா?"

நான் ஒரு பக்கம் எழுதினதை மனுஷன் ரெண்டு வரியில சொல்லிட்டார். இப்ப ஆரணிக்கு அவரே ஓட்டிட்டுப் போறார். சித்தி வளையல் கையிலயே இருக்கு.